பீரோவிலிருந்த கோலம்

சென்ற மாதம் ஜலகண்டாபுரத்துக்குப் போயிருந்தேன். வேறு எதற்கு? புடவை எடுக்கத்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தறிச் சத்தம் வந்து வரவேற்றது. நான் போன வீட்டில் கத்திக் கத்தித்தான் விலை பேச வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் அந்த வீட்டுப் பாட்டி சொன்னார்:

"ஏனுங்கம்மா, எம் பேரன் இந்தச் சத்தத்திலேயும் அசையாமத் தூங்குவானுங்க. தறிக்காரன் வீட்டுப் பிள்ளை, பழகிப் போச்சுன்னு பெருமையா நெனச்சோமுங்க. கடைசியிலே பார்த்தா, அவனுக்குக் காதே கேக்கலீங்க!"

எனக்குப் புடவை மறந்து போயிற்று.

நல்ல வேளை, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பையனுக்குக் காக்ளியர் கருவி பொருத்தியாகிவிட்டது. லட்சக்கணக்கில் செலவாகும் காரியம். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்தத் திட்டத்தில் இடமுண்டு. பையனின் தாய் பீரோவைத் திறந்து ஒரு எக்ஸ்-ரே படத்தை எடுத்து வந்தாள். "ஆபரேஷன் ஆனப்ப எடுத்ததுங்க. இனிமே எதுக்குங்க, எறிஞ்சிடலாமுங்களா?"

"ஐயோ, வேண்டாம்!" என்று நான் போட்ட கூச்சலில் தறியே ஒரு கணம் நின்றது.

உள்காதில் நத்தைக் கூடு போல ஓர் எலும்பு இருக்கிறது. பட்டாணியளவுதான், இரண்டரைச் சுற்று. வாசலருகே கீச்சென்ற ஓசைகள். உள்ளே போகப் போகக் கனத்த ஓசைகள். அதற்குள் மெல்லிய மின்கம்பி இழையைச் செலுத்த வேண்டும். எப்படிச் செலுத்துவது என்று தவித்துக் கொண்டிருந்த ஆஸ்திரேலிய டாக்டர் கிரேம் கிளார்க், 1977-இல் கடற்கரையில் கிடந்த கிளிஞ்சலுக்குள் புல்லை நுழைத்துப் பார்த்தாராம். அடி விறைப்பாகவும் நுனி துவளும்படியும் இருந்தால் உள்ளே வளைந்து போகிறது! மறு வருஷமே ஒரு நோயாளிக்குத் தம் கருவியைப் பொருத்தினார்.

ஆனால் இழை முதல் வளைவைத் தாண்டிய பிறகு டாக்டரின் கண்ணுக்குத் தெரியாது. கை உணர்வுதான் துணை. நுனி மடங்கிவிடலாம், முழுவதும் போகாமல் நின்றுவிடலாம். அதற்காகத்தான் இந்தப் படம். தலையைச் சாய்த்து ஒரு கோணத்தில் வைத்து எடுப்பார்கள். ஸ்டென்வர்ஸ் என்ற டச்சு மருத்துவர் 1917-இல் விவரித்த முறை. கருவியைப் பொறுத்து 12 முதல் 22 வரை, சுருளாக வெள்ளைப் புள்ளிகள் தெரியும். எத்தனை புள்ளி உள்ளே, எத்தனை வெளியே என்று எண்ணிவிடலாம். சந்தேகம் வந்தால்தான் சி.டி. ஸ்கேன், சின்னக் குழந்தைக்குக் கதிர்வீச்சு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லதல்லவா?

சரி, ஆபரேஷன் முடிந்த பின்னும் படம் எதற்கு? சில சமயம் இழை கொஞ்சம் வெளியே நழுவிவிடும். நன்றாகக் கேட்டுக் கொண்டிருந்த குழந்தை திடீரென்று திரும்பிப் பார்க்காது. அல்லது வலிக்கிறதென்று கருவியைப் பிடுங்கி எறியும். பிடிவாதம் என்று அடித்துவிடாதீர்கள். டாக்டர் முதலில் கருவியைக் கம்ப்யூட்டரில் சோதிப்பார். தேவையானால் புதுப் படம் எடுப்பார். பழைய படம் பக்கத்தில் இருந்தால்தானே எந்தப் புள்ளி இடம் மாறிற்று என்று சொல்ல முடியும்?

இன்னொன்று. தோலுக்கடியில் ஒரு காந்தம் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. என்று யாராவது சொன்னால், கருவி இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். காந்தம் பிசகிவிடக் கூடும்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தாயும் நானும் புள்ளிகளை எண்ணினோம். பாட்டியும் எட்டிப் பார்த்தார்.

"இருபத்திரண்டு புள்ளிக் கோலமுங்களா? நான் பதினஞ்சுக்கு மேலே போட்டதில்லீங்க!"

புடவையா? அடுத்த வாரம் மறுபடி போய் எடுத்து வந்தேன்.