நோய் மந்தையைத் திருத்திவிடாது

வட அமெரிக்காவின் காட்டு மான்களை அரித்துவரும் நாள்பட்ட மெலிவு நோயைப் பற்றி, வேட்டைக்காரர்களிடமும் மான் பண்ணையாளர்களிடமும் ஒரு நம்பிக்கை ஊறிக்கிடக்கிறது. நலிந்தவை சாகும், எதிர்ப்பு மரபணு உள்ளவை பிழைக்கும், சில தலைமுறைகளில் மந்தை தானாகவே தேறிவிடும் என்பதே அது. இந்த நம்பிக்கை தவறானது; மான்களுக்கு ஆபத்தானதும்கூட.

மரபணுப் பன்மை மான்களைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. சிறு கடிபூச்சிகள் பரப்பும் இரத்தக்கசிவு நோயின் வைரஸைச் சோதனையில் செலுத்தியபோது, பென்சில்வேனியாவின் வெள்ளைவால் மான்கள் கடுமையாக நோயுற்றன. அந்நோயோடு நெடுங்காலம் வாழ்ந்துவந்த டெக்சாஸ் இன மான்கள் தாங்கிக்கொண்டன. ஆனால் மெலிவு நோயை உண்டாக்குவது வைரஸும் அல்ல, பாக்டீரியாவும் அல்ல. அது பிரியான், அதாவது மடிப்புப் பிறழ்ந்த புரதம். மானின் சொந்தப் புரதமே திரிந்து உருவாவதால் உடல் அதைப் பகையென்று அறிவதில்லை, எதிர்ப்பொருளும் சுரப்பதில்லை. நோயெதிர்ப்பு மண்டலத்தின் பன்மை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் இங்கே பயனில்லை.

எஞ்சுவது பிரியான் புரதத்துக்கான மரபணு ஒன்றுதான். வெள்ளைவால் மானில் அப்புரதத்தின் 96ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின் இருந்தால் நோய் தொற்றுவது குறைகிறது. தொற்றினாலும் மெதுவாக முற்றுகிறது. பலர் ‘எதிர்ப்பு’ என்று கொண்டாடுவது இதைத்தான். ஆனால் இந்த மான்களும் கடைசியில் நோயால் இறக்கின்றன. அதுவரை கூடுதல் காலம் நடமாடி, உமிழ்நீரிலும் சிறுநீரிலும் சாணத்திலும் பிரியானைச் சிந்துகின்றன. சிந்திய பிரியான் மண்ணில் ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கிறது. இன்னும் கவலை தருவது, இத்தகைய மான்களின் உடலில் பிரியானே புதிய வகையாக மாறியது ஆய்வகத்தில் தெரியவந்திருப்பது. மந்தை மாறினால் நோயும் கூடவே மாறுகிறது.

இயற்கைத் தேர்வின் வேகமும் போதாது. தொற்றிய மானில் அறிகுறி தெரிய ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகலாம். அதற்குள் பெண்மான் குட்டி ஈன்றுவிடுவதால், நோய்க்கு எளிதில் ஆளாகும் மரபணு அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் 1967இல் முதலில் கண்ட நோய் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பரவிக்கொண்டே இருக்கிறது. வயோமிங்கில் ஆய்வுக்குட்பட்ட ஒரு வெள்ளைவால் மான் கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடும், ஒரு மியூல் மான் கூட்டம் சுமார் 21 விழுக்காடும் சுருங்கிவந்தன. இந்த வேகத்தில் தேயும் கூட்டத்தில் நோயெதிர்ப்பு வேரூன்றும் முன்பே, தேர்ந்தெடுக்க மான்கள் அரிதாகிவிடும்.

பண்ணையில் ‘எதிர்ப்பு’ மான்களை வளர்த்துக் காட்டில் விடும் யோசனையும் இதே நம்பிக்கையின் கிளைதான். ஒக்லஹோமா மாநிலம் 2024இல் அதற்குச் சட்டமே இயற்றியது. ஒற்றை மரபணுவுக்காகப் பொறுக்கிய சில கிடாக்களின் வாரிசுகள் காட்டில் பெருகினால், வைரஸையும் புழுக்களையும் சமாளிக்க மான்களுக்கு உண்மையிலேயே உதவும் மற்ற மரபணுக்களின் பன்மை குறுகிப்போகும்.