கணக்கு 1931-இல் தொடங்குகிறது
ஹிரோஷிமா தண்டர்ஸ் வாலிபால் கழகத்தின் வரலாறு குறித்து ஆதரவாளர் குழுவின் நிலைப்பாடு

உறுப்பினர்களுக்கும், கழக நிர்வாகத்துக்கும், லீக் நிர்வாகத்துக்கும்:

2024-இல் கழகத்தின் பெயரிலிருந்து புகையிலை நிறுவனத்தின் ஜேடி என்ற இரண்டெழுத்து நீங்கியபோது இக்குழு அறிக்கை எதுவும் வெளியிடவில்லை. அன்று எங்களுக்குள் கருத்து ஒருமிக்கவில்லை. இன்றும் எல்லாவற்றிலும் ஒருமித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று அச்சிட்ட ஓர் அறிமுகத் துண்டறிக்கையில் நம் கழகம் ‘2024-இல் புதிதாகத் தொடங்கப்பட்டது’ என்று வந்ததற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியல்ல என்பதில் செயற்குழுவில் மறுபேச்சு இல்லை. அச்சிட்டவர்கள் யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. திருத்திக்கொள்வதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு நன்றி. அச்சுப்பிழை என்று அதை ஒதுக்கிவிட எங்களால் முடியவில்லை. புதிய லீக்கான எஸ்வி லீக் வந்த நாளிலிருந்து பேச்சிலும் எழுத்திலும் ஊறிவரும் ஒரு பழக்கம் அன்று தாளில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

குழுவின் நிலைப்பாடு இது: ஹிரோஷிமா தண்டர்ஸ் 1931-இல், ஹிரோஷிமா வட்டாரப் புகையிலை ஏகபோக அலுவலகத்தின் ஊழியர்களுடைய அணியாகப் பிறந்தது. ஏகபோக நிறுவனம், ஜேடி, ஜேடி தண்டர்ஸ், ஜேடி தண்டர்ஸ் ஹிரோஷிமா என்று பெயர் எத்தனை மாறினாலும் அணி ஒன்றுதான். 2024-இல் மாறியது பெயர்ப்பலகை. கழகம் அன்று பிறக்கவில்லை.

பெயர் மாற்றத்தைப் பற்றிச் சில வரிகள். அதைக் குழு எதிர்க்கவில்லை. பெரும்பான்மை உறுப்பினர்கள் வரவேற்கிறார்கள் என்று எழுதலாம் என முடிவாயிற்று. புகையிலை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறுப்பினர்கள் சிலருக்கு இந்த வாக்கியத்தில் உடன்பாடு இல்லை, அவர்களுடைய மறுப்பு கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ஊர்ப் பெயர் இருக்க வேண்டும் என்பது புதிய லீக்கின் விதி. நிறுவனப் பெயரை வைத்துக்கொள்வதும் விடுவதும் அந்தந்தக் கழகத்தின் விருப்பம். சன்டோரி, டோரே கழகங்கள் வைத்துக்கொண்டன. நம் கழகம் விட்டது. இதில் யாரையும் குறை சொல்ல எதுவும் இல்லை.

புகையிலைப் பணத்தில் வளர்ந்த அணி என்ற விமர்சனமும் நெடுநாளாக உண்டு. அது பற்றி உறுப்பினர்களிடையே வெவ்வேறு கருத்துகள் இருப்பதால் இந்த அறிக்கை அதற்குள் போகவில்லை.

நாங்கள் பேச வந்தது நெகோட்டா கட்சுடோஷியைப் பற்றி.

உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த அறிக்கை வெளியேயும் போகிறது; ஆகவே சொல்கிறோம். நெகோட்டா 1944-இல் இந்த ஊரில் பிறந்தவர். சோத்தோக்கு உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு ஏகபோக நிறுவனத்தின் ஹிரோஷிமா அணியில் சேர்ந்தார். அதன்பின் வேறு எந்த அணிக்கும் போகவில்லை. 1964 டோக்கியோவில் வெண்கலம், 1968 மெக்சிகோவில் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம். மூன்று ஒலிம்பிக்கிலும் ஜப்பான் ஆண்கள் அணியில் இருந்தவர்; அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டர். 1976 மான்ட்ரியால் தொடக்க விழாவில் ஜப்பானின் கொடியைப் பிடித்து நடந்தவரும் அவர்தான்.

டோக்கியோவில் பெண்கள் அணி தங்கம் வென்று நாடே கொண்டாடியபோது ஆண்களின் வெண்கலத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அடுத்து பயிற்சியாளரான மாட்சுதைரா யாசுதாகா எட்டு ஆண்டுத் திட்டம் போட்டார். உயரத்தில் ஐரோப்பியர்களை எட்ட முடியாது. ஆகவே வேகத்தையும் ஏமாற்றையும் நம்பினார். மோரிட்டா ஜுன்கோ போன்றவர்கள் எழும்புவது போல் காட்டி, தடுப்பவர்கள் குதித்து இறங்கும் நேரத்தில் நிஜமாக எழும்பி அடித்த உத்திகளை இன்று உலகமே ஆடுகிறது. அந்த உத்திகளெல்லாம் ஒரே ஒரு ஆளை நம்பியவை. அடிப்பவரின் கை எந்த இடத்துக்கு எந்தக் கணத்தில் வருமோ, அந்த இடத்தில் அந்தக் கணத்தில் பந்து இருந்தாக வேண்டும். விரல் நுனியில் கொஞ்சம் பிசகினாலும் ஏமாறுவது நம் ஆள்தான். நெகோட்டாவின் பந்து பிசகாது என்ற நம்பிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள்.

மியூனிக்குக்கு முந்தைய ஆண்டு அவருடைய கை எலும்பு முறிந்தது. செட்டருக்குக் கை முறிந்தால் அடுத்து என்ன என்று கேட்க வேண்டியதில்லை. அவர் திரும்பி வந்தார். மியூனிக் அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து ஜப்பான் தோற்கும் நிலையில் நின்றது. மினாமி, நாகாமுரா என்ற இரண்டு மூத்த வீரர்களை மாட்சுதைரா உள்ளே அனுப்பினார். அடுத்த மூன்று செட்டும் ஜப்பானுக்கு. இறுதியில் கிழக்கு ஜெர்மனியை 3-1 என்று வென்றது. அந்தத் தங்கத்தில் ஹிரோஷிமாவின் ஆலைத் தளத்தில் பழகிய விரல்கள் இருக்கின்றன.

‘கூரை சர்வீஸ்’ என்று இந்த ஊரில் இன்னும் சொல்லும் சர்வீசும் அவர் கண்டதுதான். பந்தைக் கீழிருந்து ஓங்கி அடித்து அரங்கத்தின் கூரையை நோக்கி அனுப்புவார். அது விளக்கு வெளிச்சத்துக்குள் போய் மறையும். எதிரணிக்காரர் கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, தலைக்கு நேர் மேலிருந்து செங்குத்தாக இறங்கும். அதை எடுப்பது எளிதல்ல.

ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றதும் அதே அணிக்குப் பயிற்சியாளரானார். 1983 செப்டம்பரில் இரைப்பைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வயது 39.

இப்போது தேதிகளைப் பாருங்கள். ஏகபோக நிறுவனம் ஜேடியாக மாறியது 1985-இல். வி லீக் தொடங்கியது 1994-இல். எஸ்வி லீக் 2024-இல். ஜேடி என்ற எழுத்தை நெகோட்டா ஒருநாளும் சட்டையில் அணிந்ததில்லை. அவர் காலத்தில் அணியின் பெயரில் இருந்த ஊர்ப் பெயர் ஹிரோஷிமா. 2024 பெயர் மாற்றம் அந்தப் பெயரை மீண்டும் முன்னால் வைத்திருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டித்தான் பெயர் மாற்றத்துக்கு எங்களில் பலர் கைதூக்கினோம். அப்படித் திரும்பி வந்த பெயரை வைத்துக்கொண்டே ‘கழகம் 2024-இல் பிறந்தது’ என்றால், நெகோட்டா எந்தக் கழகத்தின் வீரர்? அவருக்கு எங்கே இடம்? ‘முன்வரலாறு’ என்று ஒரு மூலையிலா? இதை எங்களால் ஏற்க முடியாது. மென்மையான சொற்களில் எழுத வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் கேட்டுக்கொண்டார்கள். இந்த ஓரிடத்தில் மென்மையான சொல் கிடைக்கவில்லை.

புதிய லீக் தன் பருவங்களை 2024-25 முதல் எண்ணுகிறது. அதன்படி அந்தப் பருவத்தில் வென்றவர்கள் ‘முதல் சாம்பியன்’. சன்டோரி சன்பேர்ட்ஸ் ஒசாகா ஆண்கள் பிரிவில் வென்றதை மனதார வாழ்த்துகிறோம். புதிய லீக்குக்குத் தன் பருவங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணும் உரிமை உண்டு என்பதையும் குழு ஒத்துக்கொள்கிறது. ஆனால் லீக்கின் எண்ணிக்கை வேறு, கழகத்தின் எண்ணிக்கை வேறு. 1967-இல் ஜப்பான் லீக் தொடங்கிய முதல் பருவத்தில் ஆடிய அணிகளில், அன்றுமுதல் ஒருமுறைகூடக் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் நின்றது நம் அணி ஒன்றுதான். இந்தச் சாதனைக்குக் கோப்பை கிடையாது. கணக்கை 2024-இல் தொடங்கினால் அது காற்றில் கரைந்துபோகும். முதல் லீக் பட்டம் 2014-15 பருவத்தில் வந்தது. வெசெலின் வூகோவிச் பயிற்சியாளர், கோஷிகாவா யூ முன்னணி வீரர். அணி தொடங்கி 84-ஆவது ஆண்டு அது. அந்த 84 இல்லாவிட்டால் அந்தப் பட்டத்துக்கு என்ன எடை? பெரும்பாலான கழகங்கள் தோல்வியை மறைக்கப் பார்க்கும். நம் கழகத்தில் எத்தனையோ பருவங்களின் தோல்வியும் சேர்ந்ததுதான் அந்த வெற்றி.

இந்த ஊருக்கு இது புதிய அனுபவமும் அல்ல. மாஸ்டாவின் பழைய பெயரான டோயோ கோக்யோவின் ஆலை அணி 1965 முதல் 1968 வரை தொடர்ந்து நான்கு முறை ஜப்பான் கால்பந்து லீக்கை வென்றது. அந்த அணிதான் இன்றைய சான்ஃப்ரெச்சே கால்பந்துக் கழகம். ஜே லீக் 1993-இல் தொடங்கியபின் வளர்ந்த தலைமுறையில் எத்தனை பேருக்கு அந்த நான்கு பட்டங்கள் தெரியும்? கால்பந்தில் நடந்ததை வாலிபாலில் கண்ணெதிரே நடக்க விடுவதா?

ஆலை அணிகளின் காலத்தைப் பொற்காலம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நிறுவனத்துக்கு நட்டம் வந்தால் அணி கலைந்தது. 1964-இல் பெண்களுக்குத் தங்கம் தந்த நிச்சிபோ கைசுகாவின் வழிவந்த யூனிடிகா அணி 2000-இல் முடிந்தது. ஒருகாலத்தில் வீழ்த்தவே முடியாதிருந்த ஹிட்டாச்சி பெண்கள் அணி 2001-இல். என்ஈசி-யின் ஆண்கள் அணியும் தகேஃபுஜி பெண்கள் அணியும் 2009-இல். அந்த அணிகளுக்காகக் கைதட்டிய மக்கள் இன்று எந்த அரங்குக்குப் போவார்கள்? தொழில்முறை லீக் இதைத் தடுக்கும் என்பதால்தான் நாங்கள் அதை ஆதரிக்கிறோம். கழகம் நிறுவனத்தின் ஒரு துறையாக இல்லாமல் ஊரின் உடைமையாக வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. ஊரின் உடைமை என்றால் ஊரின் நினைவும் அதில் சேரும்.

அரங்க அளவு பற்றி: பெரிய அரங்கு தேவை என்பது புரிகிறது. சன் பிளாசா அரங்கில் இடம் போதாத நாட்கள் வரட்டும், மகிழ்ச்சியே.

மினாமி வார்டில் உள்ள நெகோட்டா நினைவு உடற்பயிற்சி அரங்கம் பற்றி மட்டும் இன்னும் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்தில் புகையிலை ஆலை இருந்த நிலம் இப்போது யூமே டவுன் பேரங்காடி. சனிக்கிழமை மாலைகளில் கார் நிறுத்த வரிசை சாலைவரை வரும். ஆலை இன்று அங்கே இல்லை. அந்த வட்டாரத்தில் இந்த அணி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல மிஞ்சியிருப்பது அந்த அரங்கமும் அதன் வாசலில் உள்ள பெயரும்தான். அதை யாரும் மாற்றப் போவதாகச் செய்தி இல்லை. அப்படிச் சொல்லி யாரையும் கலவரப்படுத்தவும் விரும்பவில்லை. ஆனால் அரங்கங்களின் பெயர்களை விளம்பர நிறுவனங்களுக்கு விற்பது எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டது. ஆகவே இப்போதே சொல்லிவைக்கிறோம்: அந்தப் பெயர் விற்பனைக்கு அல்ல. இந்த வாக்கியம் மட்டும் ஒருமனதாக நிறைவேறியது.

கழக நிர்வாகத்திடம் குழு கேட்டுக்கொள்வது: சட்டை, நுழைவுச்சீட்டு, ஆண்டு மலர் என அதிகாரபூர்வமாக வெளியிடும் எல்லாவற்றிலும் இயன்றவரை 1931 என்ற ஆண்டு இடம்பெறட்டும். ‘இயன்றவரை’ என்ற சொல் விவாதத்துக்குப் பிறகு சேர்க்கப்பட்டது. அச்சு, வடிவமைப்புச் செலவைக் கருத்தில் கொண்டோம். ஆனால் பள்ளிகளுக்குப் போகும் எந்தத் தாளிலும் இந்தச் சொல்லுக்கு இடமில்லை. பிள்ளைகளிடம் சரியான ஆண்டைச் சொல்ல எந்தச் செலவும் ஆகாது.

லீக் நிர்வாகத்திடம்: வீரர்கள், கழகங்கள் குறித்த பதிவேடுகளில் ஜப்பான் லீக் காலத்தையும் வி லீக் காலத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். தனிப் பத்தியாகக் காட்டினாலும் சரி. ஒரே பக்கத்தில் காட்டுங்கள். 2030-க்குள் உலகின் தலைசிறந்த லீக் ஆக வேண்டும் என்று நீங்கள் அறிவித்திருக்கிறீர்கள். 1972-இல் இந்நாட்டு ஆண்கள் உலகின் தலைசிறந்த அணியாக இருந்தார்கள். அந்த அணி எப்படி உருவானது என்பதற்கான விடை நீங்கள் ‘முந்தையது’ என்று ஒதுக்கும் பக்கங்களில் இருக்கிறது.

ஆதரவாளர்களிடம்: புதிதாக அரங்குக்கு வருகிறவர்களைக் குறை சொல்ல வேண்டாம். பச்சைச் சட்டை போட்டு வரும் ஒவ்வொருவரும் நம்மவர். தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் தெரிந்தும் மறைக்கிறவர்களிடம் பணிந்து பேச வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இந்த அறிக்கை கழக நிர்வாகத்துக்கும் லீக் நிர்வாகத்துக்கும் அஞ்சலில் அனுப்பப்படுகிறது. வாய்மொழி விளக்கம் முன்பே கிடைத்துவிட்டது. இம்முறை அடுத்த பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் அன்றைய ஆட்டத்தில் கோஷம் எழுப்புவதா, எழுப்பாமல் உட்கார்ந்திருப்பதா என்பதை உறுப்பினர் கூட்டம் வாக்கெடுப்பில் முடிவு செய்யும்.

— ஆதரவாளர் குழுவின் செயற்குழு, ஹிரோஷிமா