பாட்டைப் பாட்டாகப் படியுங்கள்

யூத வேதங்களில் முரண்பாடு தேடும் நம்மவர் சிலர், சிசெராவின் மரணத்தைப் பெருஞ் சான்றாக எடுத்துக்காட்டுகின்றனர். நியாயாதிபதிகள் ஆகமத்தின் 4ஆம் அதிகாரத்தில், அயர்ந்து உறங்கும் அப்படைத்தலைவனின் பொட்டில் கூடார முளையை அறைந்து கொல்கிறாள் யாகேல் என்னும் பெண். 5ஆம் அதிகாரத்திலோ, அவன் அவள் காலடியில் மடங்கி வீழ்கிறான். "படுத்திருந்தவன் வீழ்வது எங்ஙனம்? இதுவே தஹ்ரீஃப்!" என முழங்குகின்றனர்.

அந்தோ! முன்னது உரைநடை வரலாறு. பின்னது தெபோராளின் வெற்றிப் பாடல். ஒரே கருத்தை மாற்றுச் சொற்களால் அடுத்தடுத்த அடிகளில் அடுக்குவது எபிரேயக் கவிதையின் இயல்பு. 1753இல் ராபர்ட் லவுத் இதனை விரித்து விளக்கினார். வீழ்ந்தான் என அப்பாடல் மும்முறை சொல்வது, பகைவனின் அழிவைக் கொண்டாடவேயன்றி, அவன் கிடந்த நிலையைக் குறித்துவைக்க அன்று.

இப்னு ஹிஷாமின் ஸீராவிலும் போர் வரலாற்றினிடையே ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் கவிதைகள் உள்ளன. அவற்றின் உவமைகளை எந்த ஆலிமாவது போர்ச் செய்தியாகக் கொண்டதுண்டா? பிறர் பாட்டை நிறுக்க மட்டும் வேறு தராசா?

தஹ்ரீஃப் பற்றிய நம் கொள்கைக்கு இத்தகைய சொத்தை வாதம் தேவையில்லை. வெறுப்புக் கொண்டோரிடத்தும் நீதி பிறழலாகாது என்பது திருமறையின் கட்டளை. அந்நீதி, பிறர் நூலைப் படிக்கும் முறைக்கும் உரியதே.