கடிதம் போடுகிற எம்.பி.

“லெட்டர் போடுறதுக்கு எதுக்குடா எம்.பி.? அதுக்கு போஸ்ட்மேன் போதாதா?”

மதுரையில் ஒரு டீக்கடையில் நண்பன் இப்படிக் கேட்டதும் நின்றிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் வந்தது, சிரித்த என்மேலேயே. அந்த எரிச்சலில் எழுதுகிற கட்டுரை இது.

அவன் கிண்டல் செய்தது சு. வெங்கடேசனை. இலக்கிய வாசகர்களுக்கு அவர் ‘காவல் கோட்டம்’ எழுதியவர், 2011இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர். 2019 முதல் மதுரையின் மக்களவை உறுப்பினர், மார்க்சிஸ்ட் கட்சி, தில்லியில் எதிர்க்கட்சி வரிசை. நான் அவர் கட்சிக்காரன் இல்லை. அவருடைய நாவல் பற்றியும் எனக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆனால் ரயிலில் தொடங்கி கல்வி உதவித்தொகை, தேர்வு மையம் வரை விடாமல் கடிதம் எழுதி, கேள்வி கேட்டு, வந்த பதிலை மக்கள் முன்னால் வைக்கிற அந்த வேலையை ‘வெறும் லெட்டர்’ என்று சொல்கிறவர்களிடம் எனக்குச் சண்டை இருக்கிறது.

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ரயிலில் மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை இருந்தது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம். கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 அன்று அதை நிறுத்தினார்கள். தேவையில்லாத பயணத்தைத் தவிர்க்க என்று காரணம் சொன்னார்கள். கொரோனா போனது. ரயில்கள் முழுசாக ஓட ஆரம்பித்தன. சலுகை மட்டும் திரும்பி வரவில்லை.

வெங்கடேசன் உட்பட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரிப் பதில்தான் வந்தது: ‘எல்லாப் பயணிகளுக்குமே ஏற்கெனவே சலுகை தருகிறோம்.’ ரயில்வேக்கு 100 ரூபாய் செலவாகிற பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம், 46 சதவீதம் சலுகை, 2022-23இல் மட்டும் இதற்கு ஆன தொகை 56,993 கோடி ரூபாய் என்றார் அமைச்சர்.

கேட்டவுடன் நியாயமாகத்தான் தெரியும். இவ்வளவு கொடுக்கிறார்களே, இன்னும் என்ன என்று தோன்றும். ஆனால் இதே அரசு அதற்கு முன் நாடாளுமன்றத்தில் சொன்ன இன்னொரு கணக்கு இருக்கிறது. 2019-20இல் பயணிகளுக்குத் தந்த சலுகை 59,837 கோடி, சராசரியாக ஒருவருக்கு 53 சதவீதம். அந்த ஆண்டில், மார்ச் மாதத்தின் கடைசிப் பன்னிரண்டு நாட்கள் போக, முதியோர் சலுகையும் நடைமுறையில் இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லோருக்குமான சலுகையும் முதியவர்களுக்கான சலுகையும் முன்பு சேர்ந்தே இருந்தன. ‘அதுதான் இருக்கே, இது எதுக்கு’ என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பிறகு முதியவர்களுடையதை எடுத்தார்கள். எல்லோருக்குமானது 53இலிருந்து 46 ஆகியும்விட்டது. ஆக, குறைந்துபோன ஒன்றைக் காட்டி, பறித்துக்கொண்ட இன்னொன்றுக்குச் சமாதானம் சொல்கிறார்கள். முப்பது வயதில் ஏசி பெட்டியில் போகிறவனும் சேர்ந்த ஒரு சராசரியைக் காட்டி, ஸ்லீப்பரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற எழுபது வயதுக் கிழவியிடம் ‘உனக்கும் சேர்த்துத்தாம்மா கொடுத்தாச்சு’ என்கிறார்கள்.

இந்தச் சலுகையை நிறுத்தியதால் 2022-23இல் ரயில்வேக்குக் கூடுதலாக வந்தது 2,242 கோடி ரூபாய் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் சொன்னது. 56,993 கோடியில் இது 4 சதவீதம்கூட இல்லை. ஆளுங்கட்சி எம்.பி.யே தலைவராக இருந்த ரயில்வே நிலைக்குழு, குறைந்தபட்சம் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலுமாவது திரும்பத் தருவதைப் பரிசீலியுங்கள் என்றது. அதற்கும் அசையவில்லை.

இப்போது என் நண்பன் கேட்பான்: “பாத்தியா, கேட்டும் ஒண்ணும் நடக்கலயே?”

நடக்கவில்லைதான். ஆனால் 53, 46 என்ற எண்கள் உனக்கும் எனக்கும் எப்படித் தெரிந்தன? ஒரு எம்.பி. கேட்டதால் அமைச்சர் எழுதிக் கொடுத்தார். டிவி விவாதத்தில் சொன்னதை மறுநாள் மாற்றிச் சொல்லலாம், நாடாளுமன்றப் பதிலில் அது முடியாது. அவையைத் தவறாக வழிநடத்தினால் உரிமை மீறல் பிரச்சினையாகும். பெரும்பான்மை இல்லாதவரால் அரசைக் கவிழ்க்க முடியாது, பட்ஜெட்டை மாற்ற முடியாது. அரசை எழுத்தில் பேசவைக்க முடியும். எதிர்க்கட்சி எம்.பி.யின் முதல் வேலை அதுதான் என்கிறேன்.

கடிதத்தால் நடந்ததும் உண்டு. 2020இல் சிஆர்பிஎஃப் துணை மருத்துவப் பணிகளுக்கான தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரு மையம்கூட இல்லை. வேலை இல்லாத பிள்ளை ரயிலேறி வேறு மாநிலம் போய்த் தேர்வு எழுத வேண்டும். டிக்கெட்டுக்குக் காசில்லாதவன் அங்கேயே தோற்றுவிட்டான். வெங்கடேசன் கடிதம் போட்டார். உள்துறை இணை அமைச்சரிடமிருந்து பதில் இந்தியில் வந்தது. அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது, அலுவல் மொழிச் சட்டத்தின் அடிப்படையில். கடிதம் இல்லையென்றால் வழக்கே இல்லை.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு அதில் இருந்தது. மக்களவையில் அது தேறவில்லை. அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது, அந்த இடஒதுக்கீடு இல்லாமல். 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமாகவில்லை என்பதால் சிவா தோற்றார் என்று சொல்லிவிடலாம். ஆனால் எதைக் கொடுக்காமல் விட்டார்கள் என்று இன்று நம்மால் வரிவரியாகக் காட்ட முடிகிறதே, அது அந்த மசோதா இருப்பதால்தான்.

இந்த வாய்ப்புகளும் சுருங்கிக்கொண்டே வருகின்றன. 1924இல் தொடங்கிய தனி ரயில்வே பட்ஜெட்டை 2017இல் பொது பட்ஜெட்டோடு கரைத்துவிட்டார்கள். ரயிலைப் பற்றி நாடே பேசிய ஒரு நாள் போனது. 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது, எழுத்துப் பதில்கள் மட்டும்தான். எதிர்க்கட்சிகளும் யோக்கியம் இல்லை. அமளியில் கேள்வி நேரம் போனால் தப்பிப்பது அமைச்சர்தான் என்று தெரிந்தும் கத்துகிறார்கள். நாற்பது நொடி வீடியோவுக்குக் கத்தல்தான் நன்றாக வருகிறது.

அந்த வீடியோவைப் பகிர்வது யார்? நாம்தான். ஆயிரம் பக்க நாவலைப் படித்து முடிக்கிற நமக்கு, இரண்டு பக்க நாடாளுமன்றப் பதிலைப் படிக்கப் பொறுமை இல்லை. எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் 46 சதவீதத்தை எழுதிக் கொடுக்கிறார்கள்.

உங்கள் தொகுதி எம்.பி., எந்தக் கட்சியாக இருந்தாலும், கடந்த கூட்டத்தொடரில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது? நாடாளுமன்ற இணையதளத்தில் எல்லாம் கிடக்கிறது, பத்து நிமிட வேலை. ஒன்றும் கேட்கவில்லை என்றால் அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

என் நண்பனையும் போடச் சொல்லியிருக்கிறேன். அவன் அப்பாவுக்கு இந்த ஆண்டு அறுபது.