எது முன், எது பின்?

ஆங்கிலத் தொடரில் உள்ள சொற்களுக்கெல்லாம் பொருள் தெரிந்திருந்தும், நிகழ்ச்சிகளுள் எது முந்தியது, எது பிந்தியது என்று அறியாமல் மாணாக்கர் திகைத்தலை யான் பன்முறை கண்டுள்ளேன். அத்தகையவனை "மந்த புத்தியுடையவன்" என்று ஒதுக்குவாரும் உளர். அது தகாது. இரு மொழிகளும் வினைகளை நிறுத்தும் முறை வேறாயிருத்தலே அத்திகைப்புக்குக் காரணமாகும்.

ஓர் ஆங்கிலத் தொடரை அதன் வைப்பு முறையிலேயே தமிழ்ச் சொற்களால் எழுதிக் காட்டுவோம்: "உழவன் வீடு சேர்ந்தான், மழை பெய்யுமுன், காளையை விற்றுவிட்டு, அதை அவன் ஓராண்டுக்கு முன் வாங்கியிருந்தான்." முதற்கண் நடந்தது காளையை வாங்கியது, அதுவோ தொடரின் இறுதியில் நிற்கின்றது. ஆங்கிலேயர்க்கு இஃது இடர் தருவதன்று. தலைமையான வினையை முன்னே கூறி, ஏனையவற்றை அதன் பின் தொடுத்தல் அவர்தம் வழக்கு.

நம் மொழியில் முற்று இறுதியில் நிற்கும். "சென்ற ஆண்டு வாங்கிய காளையை விற்றுவிட்டு, மழை வருமுன் உழவன் வீடு சேர்ந்தான்" என்போம். "செய்து" என்னும் வாய்பாட்டு வினையெச்சம் இறந்தகாலம் காட்டும் என்பது நன்னூலார் துணிபு. ஆதலின் அவ்வெச்சங்களை அடுக்க அடுக்க நிகழ்ச்சிகள் தாமே வரிசையுறும். மழை மட்டும் இங்கு இடம் மாறி நிற்கின்றது. "முன்" என்னும் சொல் அதன் காலத்தைக் காட்டிவிடுகின்றது.

"ஹேட்" என்னும் துணைவினை வந்தால் அது முந்திய நிகழ்ச்சி என்று ஆசிரியர் கற்பிப்பர். நல்ல விதியே. ஆயினும் முன், பின் எனப் பொருள்படும் சொற்கள் வருமிடத்து ஆங்கிலேயர் அதனைப் பலகாலும் விட்டுவிடுவர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1870 ஜூன் 9ஆம் நாள் காலமானார். எட்வின் ட்ரூட் என்பானைப் பற்றிய அவருடைய இறுதிக் கதை 12 பகுதிகளாக வெளிவர வேண்டியது; 6 பகுதிகளே எழுதப்பட்டிருந்தன. இச்செய்தியை ஆங்கிலத்தில் கூறுவோர், "இறந்தார்" என்று தொடங்கி, "முன்" என்னும் பொருளுடைய சொல்லை வைத்து, "முடித்தார்" என்னும் இறந்தகால வினையையே எழுதுவர். முடிவுறாத கதைக்கு இறந்தகால வினை! இதனைப் படித்து, டிக்கன்ஸ் கதையை முடித்துவிட்டார் என மாணாக்கன் விடை எழுதுவானாயின், அவனைச் சினத்தல் முறையோ? தமிழில் "முடித்த பின்" என்பர். "முடித்த முன்" என யாரும் கூறார். "முடிக்குமுன்" என்றே கூறுவர்.

ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலித்தலாகாது என்பாருடன் யான் உடன்படேன். மாணாக்கன் வினைகளைக் கோடிட்டு, நடந்த முறையில் எண்ணிட்டு, பின் அவற்றைத் தமிழ்த் தொடராக எழுதிப் பார்க்கட்டும். கால்மணி நேரமும் ஆகாது. மேற்காட்டிய உழவன் தொடருக்கு எண்ணிட்டால், 3, 4, 2, 1 என வரும்.