பிரம்ம கமலமும் கம்பளி பனியனும்

மலையேறப் போகிறேன் என்று நான் சொன்னதும் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். "மாடியில வடாம் காயப் போட ஏறினாலே மூச்சு வாங்குது, நீ இமயமலைக்கா?" என்றார் என் கணவர். சிரிக்காத ஒரே ஆள் என் பெரிய நாத்தனார். "நானும் வரேன்டி" என்றார். அவருக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. காலண்டர் படத்தில் பார்த்த பிரம்ம கமலத்தைச் செடியிலேயே பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷத்து ஆசை.

அப்படித்தான் 2019 ஆகஸ்டில் உத்தராகண்டில் இருக்கும் ஹேம்குண்ட் போகும் வழியில் நாங்கள் இருவரும் நின்றோம். முதல் நாள் புல்னா வரை ஜீப். அங்கிருந்து முதுகில் மூட்டையோடு காங்கரியா வரை சுமார் 10 கிலோமீட்டர் நடை. குதிரையும் கிடைக்கும், முதுகுக் கூடையில் ஆளையே தூக்கிப் போகிறவர்களும் உண்டு. "என் மூட்டையை நானே சுமக்கிறேன்" என்று நாத்தனார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். லட்சுமண கங்கையின் இரைச்சலோடு நடந்ததில் அந்த நாள் சிரமமே தெரியவில்லை. நான் சொல்ல வந்தது மறுநாள் கதை.

காங்கரியா சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹேம்குண்ட் ஏரி 4,300 மீட்டருக்கும் மேலே. நடுவில் ஆறே கிலோமீட்டர்தான். அப்படியென்றால் ஏற்றம் எப்படி இருக்கும் என்று பார்த்துக் கொள்ளுங்கள். மேலே இரவு தங்க அனுமதி இல்லை. போய்விட்டு அன்றே இறங்கியாக வேண்டும். ஆகவே விடிவதற்கு முன்பே கிளம்பினோம். வானம் துடைத்து வைத்த வெண்கலப் பானை மாதிரி பளிச்சென்று இருந்தது.

ஏழு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்தோம். உள்ளே போட்டிருந்த பருத்தி சல்வார் வியர்வையில் நனைந்து விட்டது. எட்டரைக்கு எங்கிருந்தோ மூடுபனி வந்து எதிரே நடப்பவரையே மறைத்தது. பிறகு தூறல். "அக்கா, நின்னு ரெயின்கோட்டைப் போட்டுக்கலாம்" என்றேன். "இந்தத் தூறலுக்கா? நின்னா உடம்பு ஆறிடும், நட" என்றார். நானும் சரியென்று நடந்தேனே, அதுதான் தப்பு. கால் மணியில் தூறல் கனமழையானது, கூடவே காற்று. கோட்டை எடுத்துப் போடுவதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து விட்டோம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும் என்பார்கள். அதோடு ஈரமும் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பருத்தி நம் ஊர் வெயிலுக்கு அமிர்தம். மலையில் அதுவே சத்துரு. ஈரத்தைக் குடித்து உடம்போடு ஒட்டிக் கொண்டு சூட்டையெல்லாம் உறிஞ்சி விடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும்.

வழியில் ஒரு டீக்கடைக் கொட்டகையில் ஒதுங்கினோம். அங்கேதான் கவனித்தேன். நாத்தனாரின் கை டம்ளரைப் பிடிக்கத் தடுமாறியது. கோட்டின் பொத்தானை மூன்று தரம் முயன்றும் கழற்ற முடியவில்லை. "தலை வெடிக்குது" என்றார், அதுவும் குழறலாக. சாதாரணமாக அவர் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும்! எனக்கு வயிற்றைக் கலக்கியது.

குளிர் தாக்கினால் நடுக்கம் முதலில் வரும். அப்புறம் கை தடுமாறும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். உயரம் ஒத்துக் கொள்ளாமல் போனாலும் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வரும். இது அதுவா, இதுவா என்று அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து யார் ஆராய்ச்சி பண்ணுவது? இரண்டுக்குமே கீழே இறங்குவதுதான் வழி. ஆனால் நனைந்த துணியோடு இறங்கக் கூடாது.

கடைக்காரரிடம் சைகையிலேயே ஒரு ரஜாய் கேட்டு வாங்கி மறைப்பாகக் கட்டினேன். ஒவ்வொரு துணியையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் சுற்றி அடியில் வைத்திருந்தேன். வீட்டில் கேலி செய்த அந்தக் கவர்தான் மானத்தைக் காப்பாற்றியது. உள்பனியன் முதல் எல்லாவற்றையும் கழற்றி, கம்பளி பனியன், ஸ்வெட்டர், குல்லாய் போட்டு, மேலே அந்த ரஜாயைப் போர்த்தினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி பரபரவென்று கை காலைத் தேய்க்க வந்தார், வேண்டாமென்று தடுத்தேன். அந்த நேரத்தில் தேய்க்கக் கூடாது, முதலில் நெஞ்சும் வயிறும்தான் சூடாக வேண்டும். நினைவு தெளிவாக இருந்ததால் சர்க்கரை தூக்கலாக இரண்டு டீ, கூடவே கடலை மிட்டாய் கொடுத்தேன்.

(இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மழையில் நனைந்து பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குழந்தைக்குத் தலையைத் துவட்டி விடுகிறோம். சட்டையை மாற்றுகிறோம். உள்ளே இருக்கும் ஈர பனியனை மறந்து விடுகிறோம். நானும் என் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்தவள்தான்.)

அரை மணியில் பேச்சு தெளிந்தது. தெளிந்ததும் முதல் வார்த்தை, "கிளம்பு, இன்னும் ஒரு கிலோமீட்டர்தானாம். படியேறினா பூ வந்துடும்."

அங்கே ஆயிரம் படிக்கு மேல் ஒரு குறுக்கு வழி உண்டு. அதைத்தான் சொன்னார். "தலைவலி விட்டுதா?" என்று கேட்டேன். பதில் இல்லை. "அப்போ இறங்கறோம்" என்றேன்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு? உனக்குப் பயம்னா நீ இறங்கு."

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் பேச்சை நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. வாய் உலர்ந்து விட்டது. அவருடைய பையையும் எடுத்து என் தோளில் மாட்டிக் கொண்டு, ஒன்றும் பேசாமல் கீழே பார்த்து நடக்க ஆரம்பித்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக் கொண்டே போனேன். பத்து அடி தள்ளிப் பின்னால் வந்து கொண்டிருந்தார்.

பாதி தூரம் இறங்கியதும் மேகம் விலகி அப்படி ஒரு வெயில்! மேலே மலை முகடு தெளிவாகத் தெரிந்தது. மேலே போய்த் திரும்பிய ஒரு கூட்டம் பூவைப் பற்றிப் பேசிக் கொண்டே எங்களைக் கடந்தது. நாத்தனார் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குள்ளேயும் அவசரப்பட்டு விட்டோமோ என்று அரித்தது. உண்மையில் என் பிசகு வேறு. காங்கரியாவில் இரண்டு ராத்திரி தங்கி, உடம்பை உயரத்துக்குப் பழக்கியிருக்க வேண்டும். லீவைக் கணக்குப் பார்த்து ஒரே ராத்திரியாகச் சுருக்கியவள் நான்தான்.

காங்கரியா போய்ச் சேர்ந்தபோது தலைவலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. சாயங்காலம் சுத்தமாக விட்டது. இரண்டு ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டார். அப்போதும் பேசவில்லை. இரவு படுக்கும்போது என் ஈர சாக்ஸை எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்துக் கொடியில் காயப் போட்டார். "நாளைக்கு அந்தப் பூப்பள்ளத்தாக்குக்காவது போவோமா, இல்லை அதுக்கும் உன் உத்தரவு வேணுமா?" என்றார்.

போனோம், ரெயின்கோட்டைக் காலையிலேயே போட்டுக் கொண்டு. அன்று பூராவும் ஒரு சொட்டு மழை பெய்யவில்லை.