கரும்பலகை தெரியாத கண்கள்!

வலை மட்டும் இருந்தால் மீன் கிடைக்காது, கண்ணும் வேண்டும். தூரத்தில் தண்ணீரின் நிறம் மாறுவதைப் பார்த்தே, "அதோ மீன் கூட்டம்" என்று சொல்லிவிடுவார்கள் மீனவர்கள்.

அவர்களுடைய பிள்ளைகளின் கண் எப்படி இருக்கிறது?

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் வழியில் இருக்கிறது திருப்பாலைவனம். அந்தப் பக்கத்து ஏரிக்கரை முழுவதும் மீனவர் குப்பங்கள். வெயிலிலும் மணலிலும் வளரும் பிள்ளைகள். கிட்டப்பார்வை பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று இருந்துவிடலாமா?

முடியாது. செல்போன் குப்பத்துக்கும் வந்துவிட்டதே!

பிள்ளைக்கே தெரியாது

கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கிட்டே இருப்பது நன்றாகத் தெரியும். தூரத்தில் இருப்பது மங்கும். கண்விழி முன்பின்னாகச் சற்று நீண்டுவிடுவதே காரணம். நீண்ட விழி மறுபடி குறுகாது. பிள்ளை வளர வளர, கண்ணாடியின் 'பவர்' ஏறும். மிகவும் ஏறிவிட்டால், பிற்காலத்தில் விழித்திரை கிழிந்து பார்வைக்கே ஆபத்து வரலாம்.

இதில் ஒரு சங்கடம். தன் பார்வை மங்கல் என்று பிள்ளைக்கே தெரியாது. ஏரியில் பூநாரைகள் வந்து நிற்கின்றன. ஒரு பிள்ளைக்கு நீண்ட காலும் வளைந்த மூக்கும் தெரியும். இன்னொரு பிள்ளைக்கு இளஞ்சிவப்பாக ஒரு கோடுதான் தெரியும். அதுவும் "நாரை பார்த்தேன்" என்றுதான் வீட்டில் வந்து சொல்லும்!

வகுப்பில் கரும்பலகை தெரியாது. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும். 'மக்கு' என்று பெயர் வாங்கும். கண்ணில் உள்ள குறைக்குப் பழி மூளை மேல்!

வெயிலே மருந்து

டெல்லியில் எடுத்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. 100 பிள்ளைகளில் 7 பேருக்குக் கிட்டப்பார்வை. 2015-ல் வெளியான இன்னோர் ஆய்வில் அது 13. ஆய்வு முறை வேறு வேறு. ஆனாலும் போக்கு தெரிகிறது. 2050-ல் உலகில் பாதிப் பேருக்கு இந்தக் குறை இருக்கும் என்று 2016-ல் நிபுணர்கள் மதிப்பிட்டார்கள்.

கிட்டே வைத்துப் பார்க்கும் வேலை கூடியது ஒரு காரணம். வெளியே விளையாடுவது குறைந்தது இன்னொன்று. சீனாவில் குவாங்சௌ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில், மற்றப் பள்ளிகளில் 100-க்குச் சுமார் 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. இந்தப் பள்ளிகளில் 30 பேருக்குத்தான் வந்தது.

அந்த வெளிச்சம் ஏரிக்கரையில் காசில்லாமல் கிடைக்கிறது. "வெயிலில் ஆடாதே, உள்ளே உட்கார்" என்று பிள்ளையின் கையில் செல்போனைக் கொடுப்பது நஷ்டமான வியாபாரம். ஆனால் ஏற்கெனவே வந்துவிட்ட குறையை வெயில் போக்காது. அதற்குக் கண்ணாடிதான்.

பெட்டியில் தூங்கும் கண்ணாடி

தமிழக அரசு 2009-ல் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. 6-ம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை. குறை இருந்தால் இலவசக் கண்ணாடி. நல்ல திட்டம். ஆனால் கிட்டப்பார்வை 6-ம் வகுப்பு வரை காத்திருப்பதில்லை. ஏழு, எட்டு வயதிலேயே வரும். ஆகவே சின்ன வகுப்பிலேயே பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தாலும் போதாது. ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பரிசோதனை நாளன்று பள்ளிக்கு வராத பிள்ளையையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

கண்ணாடி கொடுத்தாலும் சில வீடுகளில் அது பெட்டியில் தூங்குகிறது. பையன்கள் "சோடாபுட்டி" என்று கேலி செய்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் தாய்க்குக் கல்யாணக் கவலை! "கண்ணாடி போட்டால் பவர் ஏறும்" என்பவர்களும் உண்டு. அது தவறு. சரியான கண்ணாடியால் கண் கெடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கரையில் நிற்கும் படகின் எண்ணை 20 அடி தள்ளி நின்று பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். முதலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்க வேண்டும். பிறகு மற்றக் கண்ணை. ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால், இரண்டையும் திறந்து பார்க்கும்போது அது வெளியே தெரியாது. தடுமாறினால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். தடுமாறாவிட்டாலும், பள்ளியில் நடக்கும் பரிசோதனையை விடக்கூடாது.